தாதியர் கல்விக்கான விண்ணப்பம்: யாழ்ப்பாணத்து அனுபவத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

1. தோற்றுவாய்

க. பொ. த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் விஞ்ஞானம் கற்ற மாணவரின் வீடுகளில் ஒரு பட்டியல் தயாராகத் தொடங்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில், தாம் கற்க விரும்பும் நெறிகளை மாணவர் விருப்ப ஒழுங்கில் நிரற்படுத்துதல் வேண்டும். உயிரியற் பிரிவு மாணவரின் நிரலில் மருத்துவம் முதலிடம் பெறும். பல் மருத்துவமும் கால்நடை மருத்துவமும் அதனைத் தொடரும். தாதியியல் பெரும்பாலும் நிரலின் அடிப்பகுதியிலேயே இடம்பெறும். 'வேறொன்றும் கிடைக்காவிட்டால்' என்ற எழுதப்படாத குறிப்பும் அதனருகே நிற்கும்.

இவ்வரிசையைத் தனிமனித விருப்பத்தின் வெளிப்பாடு என்று மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு சமூகம் தன் தொழில்களை எவ்வாறு தரப்படுத்துகின்றது, எந்த உழைப்பை அறிவாகவும் எந்த உழைப்பை ஊழியமாகவும் காண்கின்றது என்பதை அது காட்டுகின்றது. இவ்வகையில் விண்ணப்பப்படிவமும் ஒரு சமூக ஆவணமே. தாதியர் கல்வியின் வாயிலில் அன்றும் இன்றும் கேட்கப்படும் கேள்விகள் யாவை, அவை எவரை உள்ளே விடுகின்றன, எவரை வெளியே நிறுத்துகின்றன, நோயாளியின் படுக்கையருகே தேவைப்படும் தகைமைக்கும் அக்கேள்விகளுக்கும் உள்ள தொடர்பு யாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் தொழிலும்

முதலில் சொல்லை நோக்குவோம். தமிழ்நாட்டில் 'செவிலியர்' என வழங்குவோரை இலங்கையில் நாம் 'தாதியர்' என்கின்றோம். அரச வழக்கில் அவர் 'தாதிய உத்தியோகத்தர்'. விடுதியிலே நோயாளி அழைப்பது 'மிஸி' என்றே. செவிலி என்பது பழந்தமிழ்ச் சொல். களவிலும் கற்பிலும் கூற்று நிகழ்த்துதற்குரியோருள் ஒருத்தியாகத் தொல்காப்பியம் செவிலியைக் குறிப்பிடுகின்றது. அகப்பாடல்களில் அவள் தலைவியை வளர்த்தவள். அறிவுரைக்கும் கவலைக்கும் உரியவள். வடமொழி வழிவந்த தாதி என்னும் சொல்லுக்கோ வளர்ப்புத்தாய் என்ற பொருளோடு பணிப்பெண் என்ற பொருளும் சேர்ந்து வந்துள்ளது.

வளர்ப்பவள், பணிசெய்பவள் என்னும் இவ்விரு பொருள்களுக்கும் இடைப்பட்ட ஐயமே இத்தொழில் பற்றிய நமது சமூகத்தின் மனப்பாங்கிலும் நிலவுகின்றது. குருதி, சீழ், மலசலம் என்பன தீட்டுக்குரியனவாகக் கருதப்பட்ட சாதியமைப்பில், பிறர் உடலைத் தொட்டுப் பேணும் பணி ஒடுக்கப்பட்டோரின் தலையிலேயே சுமத்தப்பட்டது. கிராமத்து மருத்துவிச்சி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியொன்றைச் சேர்ந்த பெண்ணாகவே இருந்தாள். பிள்ளைப்பேற்றில் அவளது கையறிவை நம்பிய குடும்பங்கள் மற்றை நாளில் அவளை முற்றத்துக்கு அப்பால் விடவில்லை. நவீன தாதித் தொழில் குடாநாட்டுக்கு வந்தபோது எதிர்கொண்ட முதற்றடை இதுவே எனலாம்.

3. மானிப்பாயும் இணுவிலும்

குடாநாட்டில் மேனாட்டு மருத்துவத்தின் வரலாறு அமெரிக்க மிசனோடு தொடங்குகின்றது. 1819இல் இலங்கைக்கு வந்த டாக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலே பணியாற்றினார். அவருடைய பேர்த்தியான ஐடா ஸ்கடரே பின்னர் வேலூரில் மருத்துவமனையை நிறுவியவர். அங்கு 1909இல் தாதியர் பயிற்சி தொடங்கியது. டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயைத் தளமாகக் கொண்டவர். மானிப்பாயில் அவர் நடத்திய மருத்துவ வகுப்பில் ஆரம்பத்தில் ஆங்கிலமே போதனாமொழியாக இருந்தது. 1860களில் அவர் தமிழுக்கு மாறினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலான நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன.

கிறீன் தமிழுக்கு மாறியமைக்கு மொழிப்பற்று மாத்திரம் காரணமன்று. ஆங்கிலத்திற் பயின்றவர்கள் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியூர் சென்றனர். தமிழிற் பயின்றவர் தம் கிராமங்களிலேயே தங்கி மக்களுக்குப் பணியாற்றுவர் என்பது அவர் எதிர்பார்ப்பு. போதனாமொழி யாது என்ற வினாவுக்குள், பயின்றவர் எங்கே வாழப் போகின்றார் என்ற வினாவும் அடங்கியிருப்பதை அவர் கண்டுகொண்டார். இன்றுவரை தீராத ஒரு முரண்பாட்டின் தொடக்கம் இது என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும் கிறீனின் மாணவர் ஆண்கள். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மறுத்த பெண்களுக்கு மருத்துவம் எட்டாக்கனியாகவே இருந்தது. இக்குறையை நீக்கும் நோக்குடன் மேரி, மார்கிரட் லீச் சகோதரிகள் வெளிநாடுகளில் நிதி திரட்டினர். திருநெல்வேலிக்கு அண்மையிலுள்ள இணுவிலில் பெண்களுக்கான மக்லியோட் வைத்தியசாலை 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் எழுந்தது. அப்பணிக்காக 1896இல் வந்த டாக்டர் மேரி இர்வின், தமிழர் ஒருவரை மணந்தமையால் மிசன் தொடர்பை இழந்தார். மேரி இரட்ணம் என்ற பெயரில் இலங்கைப் பெண்கள் இயக்கத்தின் முன்னோடியாகி 1958இல் மக்சேசே விருது பெற்றவர் அவரே. பெண்கள் வைத்தியசாலைக்குப் பெண் தாதியர் இன்றியமையாதவர். ஆதலால் இணுவிலில் உள்ளூர்ப் பெண்கள் தாதியராகப் பயிற்றப்பட்டனர்.

அக்காலத்து விண்ணப்பத்தில் மதிப்பெண் கேட்கப்படவில்லை. எழுத வாசிக்கத் தெரிதல், உடல் நலம், நன்னடத்தை, நடத்தைக்குச் சான்று கூறும் போதகர் ஆகியனவே பெரிதும் நோக்கப்பட்டன. 1860இல் இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் பெயரால் தொடங்கிய பயிற்சிப் பள்ளியும் ஒழுக்கச் சான்றையே முதன்மைப்படுத்தியது. சீருடையும் விடுதி வாழ்வும் கண்டிப்பான மேற்பார்வையும், வீட்டை விட்டு வெளியேறும் பெண் 'கெட்டுப்போக' மாட்டாள் என்று தந்தையர்க்கு அளிக்கப்பட்ட உத்தரவாதங்களாகும். ஆயினும் அக்கண்டிப்பினூடே, சம்பளமும் தொழிற்பெயரும் உடைய பெண்கள் குடாநாட்டிலே தோன்றினர் என்பதை மறுத்தற்கில்லை.

யாழ்ப்பாண நகரில், அரசாங்க அதிபர் டைக் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முன்னின்று அமைத்த வைத்தியசாலை 1907இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. கொழும்பில் 1939இல் தாதியர் கல்விக்கெனப் பள்ளி அமைந்ததைத் தொடர்ந்து பயிற்சி படிப்படியாக அரச பாடவிதானத்துக்குள் வந்தது. யாழ்ப்பாணத்திலும் அரச தாதியர் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டது. போதகரின் சான்று இருந்த இடத்தைப் பரீட்சைச் சான்றிதழ் பிடித்தது. மத நிறுவனத்தின் தயவிலிருந்து விண்ணப்பதாரியின் உரிமைக்கு நகர்ந்த இம்மாற்றம் முற்போக்கானது. ஆனால் புதிய வாயிலும் தனக்கே உரிய தாழ்ப்பாள்களைக் கொண்டிருந்தது.

4. இன்றைய வாயில்கள்

இன்று இலங்கையில் தாதியாக விரும்பும் ஒருவர்க்கு இரு பெருவழிகள் உள்ளன.

முதலாவது, சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் வழங்கும் மூன்றாண்டு டிப்ளோமா. இதற்கான விண்ணப்பங்கள் வர்த்தமானி அறிவித்தல் மூலம் கோரப்படுகின்றன. சாதாரண தரத்திலும் உயர்தர விஞ்ஞானப் பாடங்களிலும் சித்தி, வயதெல்லை, உடற்றகுதி, நேர்முகப் பரீட்சை ஆகியவற்றின் அடிப்படையில் தெரிவு இடம்பெறும். நிபந்தனைகள் அறிவித்தலுக்கு அறிவித்தல் வேறுபடுவதால் விண்ணப்பிப்போர் அவ்வவ் வர்த்தமானியையே ஆதாரமாகக் கொள்ளுதல் வேண்டும். பயிலுங் காலத்திற் படி வழங்கப்படுவதும் அரச நியமனத்தோடு இணைந்த வழியாக இது இருப்பதும் வறிய குடும்பங்களுக்குப் பெரும் ஆறுதல். ஆனால் அடுத்த அறிவித்தல் எப்போது வரும் என்பது திட்டமாகத் தெரிவதில்லை. காத்திருக்கும் ஆண்டுகளில் வயதெல்லை நெருங்கிவிடும். காத்திருப்பதற்கும் பொருள் வேண்டும்.

இரண்டாவது, பல்கலைக்கழகங்களின் நான்காண்டுப் பட்டநெறி. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1990களில், பணியிலுள்ள தாதியர்க்கெனக் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையுடன் பட்டக் கல்வியைத் தொடங்கியது. பாடசாலையிலிருந்து நேரடியாக வருவோருக்கான பட்டநெறிகள் 2000ஆம் ஆண்டின் பின்னரே ஏனைய பல்கலைக்கழகங்களில் வளர்ந்தன. 1974இல் திருநெல்வேலியில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தை மையமாகக் கொண்டு தொடங்கிய யாழ்ப்பாண வளாகம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் மருத்துவ பீடம் 1978இல் ஆரம்பமாகியது. அப்பீடத்தோடு இணைந்து வளர்ந்த இணை மருத்துவ விஞ்ஞானக் கற்கைகளுள் ஒன்றாகத் தாதியியல் இன்று யாழ்ப்பாணத்திலே கற்பிக்கப்படுகின்றது. இதற்கான தெரிவு இசட் புள்ளி வழியே நிகழ்கின்றது. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. இங்கே நேர்முகப் பரீட்சைக்கு இடமில்லை. ஒரு தசம எண்ணே வாயிலைத் திறக்கின்றது.

இவற்றுக்குப் புறம்பாக, தனியார் வைத்தியசாலைகளின் பயிற்சிகளும், ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்றகைமைக் கட்டமைப்பின் கீழ் வரும் பராமரிப்புப் பயிற்சிகளும் உள. அவற்றிற் பயின்றோர் உதவியாளராகவோ பராமரிப்பாளராகவோ பணிபுரியலாம். ஆனால் அங்கிருந்து பதிவுபெற்ற தாதி என்னும் நிலைக்கு இயல்பாக ஏறிச்செல்லப் படிகள் இல்லை.

5. வாயிலுக்கு முந்திய வாயில்

மேற்கூறிய இருவழிகளுக்கும் பொதுவானது உயர்தர விஞ்ஞானம். இலங்கைப் பாடசாலைகள் 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 எனப் பாகுபடுத்தப்பட்டுள்ளன. இவற்றுள் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவைக் கொண்டவை 1ஏபி பாடசாலைகள் மாத்திரமே. 1சி பாடசாலையில் உயர்தரம் உண்டு. விஞ்ஞானப் பிரிவு இல்லை. ஆகவே ஒரு சிறுமி தாதியாவதற்கு விண்ணப்பிக்கலாமா என்பது அவள் 18 வயதில் நிரப்பும் படிவத்தில் அன்றி, அவள் வீட்டுக்கு அண்மையிலுள்ள பாடசாலையின் வகையிலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுகின்றது.

யாழ்ப்பாண நகரையும் திருநெல்வேலி, கொக்குவில் முதலிய சூழலையும் சேர்ந்த மாணவர்க்கு நல்ல பாடசாலைகளும், மாலையில் நாடிச் செல்லத் தனியார் கல்வி நிலையங்களும் உள. தீவகத்திலோ, வன்னியிலோ, குடியேற்றக் கிராமமொன்றிலோ வாழும் மாணவிக்கு இரசாயனவியல் ஆசிரியர் கிடைப்பதே அரிது. விஞ்ஞானம் கற்பதற்காக நகருக்கு வந்து தங்குவதற்குப் பொருளும் துணையும் வேண்டும். மாவட்ட ஒதுக்கீடு மாவட்டங்களுக்கிடையேயான ஏற்றத்தாழ்வை ஓரளவு சமப்படுத்துகின்றது. 1970களின் தரப்படுத்தல் தமிழ் மாணவர் மத்தியில் விளைத்த கசப்பை நாம் அறிவோம். ஆயினும் ஒரே மாவட்டத்தினுள் நகர்க் கல்லூரிக்கும் கரையோரப் பாடசாலைக்கும் இடையேயுள்ள தூரத்தை எந்த மாவட்ட ஒதுக்கீடும் அளப்பதில்லை. இதனைப் பற்றி நமது கல்விமான்கள் போதிய அளவு பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

விஞ்ஞானத் தகைமை தேவையற்றது என்பது நமது வாதமன்று. மருந்தின் அளவைக் கணிப்பதற்கும், குருதியமுக்கம் இறங்குவதன் பொருளை உணர்வதற்கும், தொற்றுப் பரவும் வழியை விளங்குவதற்கும் விஞ்ஞானம் இன்றியமையாதது. தாதித் தொழிலை வெறும் அன்பின் தொழிலாகக் காட்டுவோர் உண்மையில் அதன் ஊதியத்தையும் அறிவுநிலையையும் தாழ்த்துகின்றனர். நாம் கேட்பது, அவ்விஞ்ஞானத்தைப் பெறுவதற்கு 18 வயதில் ஒரேயொரு பரீட்சை தவிர்ந்த வேறு வழி இருத்தலாகாதா என்பதே.

6. ஒப்புநோக்கு: சமுதாயக் கல்லூரி

இவ்வினாவுக்கு வட அமெரிக்க அனுபவம் ஓரளவு விடை தருகின்றது. இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்காவில் தாதியர் தட்டுப்பாடு கடுமையாகியது. அதுகாலவரை தாதியர் கல்வி பெரும்பாலும் வைத்தியசாலைகளின் கையில் இருந்தது; மாணவியின் உழைப்பே வைத்தியசாலையின் மலிவான உழைப்பாகவும் இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்ட்ரெட் மொன்டாக், சமுதாயக் கல்லூரிகளில் இரண்டாண்டிலே தாதியரைப் பயிற்றலாம் என 1951இல் முன்மொழிந்தார். 1952இல் தொடங்கிய பரிசோதனைத் திட்டம் வெற்றியளித்தது. வைத்தியசாலைப் பள்ளிகள் ஏற்க மறுத்த மணமான பெண்கள், வயதில் மூத்தோர், ஆண்கள் முதலியோர்க்கு இக்கல்லூரிகள் இடமளித்தன. பகலிலே வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்து, ஒவ்வொரு பாடமாக முடித்துச் செல்ல இயலுமாயிற்று.

ஆயினும் இதனை மிகைப்படுத்தலாகாது. சமுதாயக் கல்லூரியின் பொதுவாயில் எல்லோர்க்கும் திறந்தது. அதனுள்ளிருக்கும் தாதியர் நெறியின் வாயில் அவ்வாறன்று. உடலமைப்பியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல் ஆகிய பாடங்களை முன்னரே முடித்திருத்தல் வேண்டும். பல கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு உண்டு. தகுதியுடையோர் இடங்களின் தொகையை மிஞ்சும்போது சில கல்லூரிகள் காத்திருப்போர் பட்டியலை வைக்கின்றன. சில, திருவுளச்சீட்டு முறையால் தெரிவு செய்கின்றன. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியமானது: முன்னர் சித்தியடையாத பாடத்தை 30 வயதிலும் அதே கல்லூரியிற் கற்று மீண்டும் விண்ணப்பிக்கலாம். தோல்வி அங்கே நிரந்தரமான தீர்ப்பாகக் கொள்ளப்படுவதில்லை.

1983இன் பின் கனடா சென்ற நம்மவர் பலர் இவ்வழியை நேரில் அறிவர். ஒன்ராறியோ மாகாணத்தில் 2005 முதல் பதிவுபெற்ற தாதியாவதற்குப் பட்டம் அவசியமாயிற்று. கல்லூரிகளின் இரண்டாண்டு டிப்ளோமா செயன்முறைத் தாதியர்க்கு உரியதாயிற்று. ஸ்காபரோவிலே முதியோரைப் பராமரிக்கும் உதவியாளராகத் தொடங்கி, மாலை வகுப்புகளிற் கற்று, தாதியராக உயர்ந்த தமிழ்ப் பெண்கள் உளர். ஊரிலே உயர்தர விஞ்ஞானம் கற்க வாய்ப்பற்றிருந்தவரும் அவருள் அடங்குவர். ஊரில் அவரிடம் இல்லாதிருந்தது ஆற்றல் அன்று, மீண்டும் விண்ணப்பிக்கும் வாய்ப்பே என்று கொள்வதிற் தவறில்லை.

7. படுக்கையருகே ஒரு மொழி

இனி, எந்த விண்ணப்பத்திலும் நேராகக் கேட்கப்படாத ஒரு தகைமையை நோக்குவோம். அது நோயாளியின் மொழி. யாழ்ப்பாணத்து மாணவி உயர்தரத்தில் உயிரியலைத் தமிழிலே கற்கின்றாள். பல்கலைக்கழகத்தில் அதனை ஆங்கிலத்தில் மீளக் கற்கின்றாள். விடுதியில் மீண்டும் தமிழுக்குத் திரும்புகின்றாள். இம்மூன்றாவது தமிழ் பாடநூலில் இல்லாதது. "தலையிடிக்குது", "நெஞ்சு குத்துது", "கால் உளையுது", "சலம் கடுக்குது", "ஓங்காளமாய்க் கிடக்குது", "அந்தரமாய் இருக்குது" என நோயாளி கூறும்போது ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு அறிகுறியைச் சுட்டுகின்றது. குத்துக்கும் உளைவுக்கும் எரிவுக்கும் கடுப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்தறிந்து மருத்துவரின் குறிப்பேட்டுக்குக் கொண்டு செல்பவர் தாதியே. இரவு இரண்டு மணிக்கு ஒரு முதியவர் "அந்தரமாய் இருக்குது பிள்ளை" என்றால், அது மனக்கலக்கமா, மூச்சுத் திணறலின் தொடக்கமா என ஆராய வேண்டியவரும் அவரே.

கிறீன் கலைச்சொற்களை ஆக்கினார். பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஆனால் நோயாளியின் பேச்சுவழக்குக்கும் மருத்துவக் கலைச்சொல்லுக்கும் இடையே பாலமாகும் அகராதியே தாதியர்க்கு வேண்டப்படுவது. வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய பிரதேச வழக்குகளை உள்ளடக்கி அத்தகைய நூலொன்றை ஆக்குதல் தமிழ்த் துறையும் தாதியியற் துறையும் இணைந்து செய்யத்தக்க ஆய்வு. மலையகத்து வைத்தியசாலைகளில் தமிழ் தெரிந்த தாதியர் போதாமை நெடுநாளைய குறை. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியபோதும், சட்டத்தின் மொழி படுக்கையருகே வந்துசேரத் தமிழ் பேசும் தாதி ஒருவர் அங்கு நியமிக்கப்படுதல் வேண்டும்.

ஆங்கிலத்தை நீக்குக என்றும் நாம் கூறவில்லை. ஆங்கிலமின்றி இன்றைய மருத்துவ அறிவைத் தொடர இயலாது. ஆனால் ஆங்கிலப் பட்டம் வெளிநாட்டுக்கான வழியாகவும் அமைகின்றது. 1860களில் கிறீன் கண்ட முரண்பாடு இன்று பன்மடங்காகியுள்ளது. புலம்பெயரும் தாதியைக் குறைகூறுதல் நியாயமன்று. தன் உழைப்புக்கு உரிய விலையை நாடும் உரிமை அவளுக்குண்டு. தங்கியிருப்பதற்கான காரணங்களைச் சம்பளத்திலும் பதவியுயர்விலும் மதிப்பிலும் உருவாக்குவது சமூகத்தின் கடமை.

8. முடிவுரை

இம்மதிப்புக்கு இத்தொழில் உரித்துடையது என்பதற்கு யாழ்ப்பாணம் சான்றுகள் தேட வேண்டியதில்லை. 1987 ஒக்டோபர் 21ஆம், 22ஆம் நாள்களில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் நிகழ்த்திய கொலைகளில், நோயாளரோடு மருத்துவரும் தாதியரும் உள்ளிட்ட பணியாளரும் உயிரிழந்தனர். 1995இன் பெரும் இடப்பெயர்விலும் நோயாளரோடு இடம்பெயர்ந்து பணிசெய்தோர் அவர்கள். அவர்கள் கடமையில் நின்றதற்கும் விண்ணப்ப நிரலில் அத்தொழில் பெறும் இடத்துக்கும் உள்ள இடைவெளி நாம் வெட்கப்பட வேண்டியது.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துக்களை முன்வைக்கலாம். ஒன்று, பராமரிப்புப் பயிற்சியிலிருந்து டிப்ளோமாவுக்கும் அங்கிருந்து பட்டத்துக்கும் ஏறிச்செல்லும் படிகள் அமைத்தல். விஞ்ஞானப் பிரிவற்ற பாடசாலைகளிலிருந்து வருவோர்க்கு அடிப்படை விஞ்ஞானத்தை ஓராண்டில் கற்பிக்கும் முன்னெறி ஒன்று இதன் முதற்படியாகலாம். இரண்டு, நோயாளியின் மொழியைப் பாடவிதானத்தின் பகுதியாக்குதல். மூன்று, தாதியியல் பற்றி மாணவர்க்கும் பெற்றோர்க்கும் உரிய காலத்தில், சாதாரண தரத்தின் முடிவிலேயே, தெளிவாக எடுத்துரைத்தல்.

மூன்றாவது கருத்தை நிறைவேற்ற எந்த அரச அறிவித்தலுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மாணவர் விடுமுறையிலே தத்தம் ஊர்ப் பாடசாலைக்குச் சென்று ஒருநாட் பொழுதைச் செலவிட்டாற் போதும். எந்தப் பாடங்களைக் கற்க வேண்டும், வர்த்தமானியை எங்கே பார்ப்பது, படிவத்தை எவ்வாறு நிரப்புவது என்பவற்றைக் கூறும்போது, தாதியியலை நிரலின் அடியில் எழுதியே ஆக வேண்டுமா என்ற வினாவையும் அம்மாணவியர் முன் வைத்து வரலாம்.